மருந்துக் குடோனில் ஆர்டர் எடுக்கும் வேலையைத் திட்டமிடுவது எப்படி

மருந்து மொத்த விற்பனைக் குடோனில் மாலை வேன் கிளம்பத் தாமதமானால் முதலில் திட்டு வாங்குபவர்கள், கடைகள் கேட்ட மருந்தை ரேக்கிலிருந்து எடுத்துக்கொண்டு பேக்கிங் மேசைக்கு ஓடிக்கொண்டிருப்பவர்கள்தான். "கொஞ்சம் வேகமா எடுங்கப்பா" என்பதைத் தவிர வேறு வைத்தியம் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அவர்கள் எவ்வளவு தூரம் நடப்பார்கள், எவ்வளவு நேரம் தேடுவார்கள், எங்கே நின்று காத்திருப்பார்கள் என்பதெல்லாம் எடுக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் அவர்கள் கைக்கு வருமுன்பே முடிவாகிவிடுகிறது. எந்த மருந்து எந்த ரேக்கில் இருக்கிறது, பட்டியல் எந்த வரிசையில் அச்சாகிறது, எந்த ஆர்டர் எந்த நேரத்தில் உள்ளே விடப்படுகிறது ஆகிய மூன்றும் அலுவலக மேசையில் எடுக்கப்படும் முடிவுகள். வீண் வேலையைக் களைவதே குறியான லீன் முறை கை வைக்கச் சொல்வதும் அங்கேதான்.

கிடங்கு மேலாண்மைப் பாடநூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. கிடங்கை நடத்தும் செலவில் ஏறக்குறைய 55 சதவீதம் ஆர்டர் எடுப்பதற்கே போகிறது. எடுப்பவரின் நேரத்தில் பாதி நடையில் கழிகிறது. 20 சதவீதம் தேடுவதில். சரக்கைக் கையில் எடுப்பதற்கு 15 சதவீதம்தான். மீதி, பட்டியல் வாங்குவது, டிராலி தேடுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு. கிடங்குக்குக் கிடங்கு இந்த விகிதம் மாறும். மருந்தில் ஸ்ட்ரிப் எண்ணுவதும் பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) பார்ப்பதும் கூடுதல் என்பதால் நடையின் பங்கு கொஞ்சம் குறையும், தேடலின் பங்கு ஏறும். எப்படிப் பார்த்தாலும் கடைக்காரர் காசு கொடுப்பது அந்த 15 சதவீத வேலைக்கு மட்டுமே.

ஒரு குடோன், கொஞ்சம் கணக்கு

பேச்சை எண்ணுக்குக் கொண்டுவர ஒரு மாதிரிக் குடோனை எடுத்துக்கொள்வோம். பத்துச் சந்துகள், ஒவ்வொன்றும் 30 மீட்டர் நீளம், ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்கு 3 மீட்டர். 6,000 மருந்துகள். நாளுக்கு 240 ஆர்டர், ஒவ்வொன்றிலும் சராசரியாக 15 ஐட்டம், ஆக 3,600 ஐட்டம். எடுப்பவர்கள் பத்துப் பேர். நடையும் சேர்த்து ஓர் ஐட்டத்துக்கு ஒரு நிமிடம் என்றால் பத்துப் பேரும் மணிக்கு 600 எடுப்பார்கள். ஆறு மணி நேரத்தில் வேலை முடிய வேண்டும். சாப்பாடு, டீ போக ஏழு மணி நேரம் கையில் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரி.

இப்போது நடையைப் பார்ப்போம். சரக்கு பத்துச் சந்திலும் பரவிக் கிடந்தால் 15 ஐட்டமுள்ள ஓர் ஆர்டர் சராசரியாக எட்டுச் சந்துகளைத் தொடும். ஒரு சந்தில் நுழைந்து மறுமுனையில் வெளியேறி அடுத்ததில் திரும்பி வரும் பாம்பு நடையில் எட்டு முப்பது 240 மீட்டர். குறுக்கே போய்த் திரும்ப ஒரு 54 மீட்டர். ஓர் ஆர்டருக்கு 294 மீட்டர். 240 ஆர்டருக்கு 70 கிலோமீட்டர். டிராலியோடு நொடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் தினமும் இருபது ஆள்-மணி நேரம் தரையில் தேய்கிறது. மொத்த வேலையே அறுபது ஆள்-மணி நேரம்தான். இந்தக் குடோனில் யாரும் மெதுவாக வேலை செய்யவில்லை. மூன்றில் ஒரு பங்குச் சம்பளம் நடைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

முதலில் முகவரி, பிறகு பட்டியல்

மருந்துக் குடோன்களில் இரண்டு வகை அடுக்கு பரவலாக உண்டு. ஒன்று கம்பெனிவாரி: சரக்கு இறக்குபவருக்கும் கம்பெனிப் பிரதிநிதி வந்து இருப்பைப் பார்ப்பதற்கும் வசதி. இன்னொன்று அகரவரிசை: புதிதாகச் சேர்ந்தவரும் ஒரு வாரத்தில் பழகிவிடுவார். இரண்டுமே எடுக்கும் வேலைக்காகப் போடப்பட்ட அடுக்கு அல்ல. அகரவரிசையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரே பிராண்டின் 5 மில்லிகிராமும் 10 மில்லிகிராமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். பெட்டியின் நிறம்கூட அநேகமாக ஒன்றேதான். தவறாக எடுப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இந்த அடுக்குகளைக் கைவிட மறுப்பதற்குக் காரணம், அவைதான் முகவரியாகவும் இருக்கின்றன என்பதே. மருந்தின் பெயர் தெரிந்தால் இடம் தெரியும். ஆகவே எதையும் நகர்த்துமுன் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முகவரி வேண்டும். சி-07-3-2 என்றால் சி சந்து, ஏழாவது ரேக், மூன்றாவது தட்டு, இரண்டாவது கட்டம். தட்டின் முன்விளிம்பில் பெரிய எழுத்தில், பார்கோடோடு ஒட்ட வேண்டும். இந்த வேலை முடிந்தால்தான் எந்த மருந்தும் எந்த இடத்துக்கும் போகலாம் என்ற சுதந்திரம் வரும். இதைச் செய்யாமல் ரேக்கை மாற்றி அடுக்கினால் பழைய ஆட்களின் ஞாபகமும் போய்விடும், புதிய முறையும் வராது. ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

எண் போடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏ சந்தில் ரேக் எண் வாசலிலிருந்து உள்ளே ஏறினால், பி சந்தில் உள்ளேயிருந்து வாசலை நோக்கி ஏற வேண்டும். இப்படிப் பாம்பு போல எண்ணிட்டால், முகவரிப்படி வரிசைப்படுத்திய பட்டியலே நடக்க வேண்டிய வழியாகிவிடும். தனி மென்பொருள் தேவையில்லை. பில் போடும் மென்பொருளிலிருந்து எக்ஸெலுக்கு எடுத்து வரிசைப்படுத்தினாலே போதும். பல குடோன்களில் நடப்பது வேறு. கடைக்காரர் போனில் சொன்ன வரிசையிலேயே பட்டியல் அச்சாகிறது. ஏ சந்து, ஜே சந்து, திரும்ப பி, மறுபடி ஏ என்று அலைவார்கள். நாலு நாள் பழகியவர் பட்டியலைப் பார்த்து மனதுக்குள்ளேயே வரிசையை மாற்றிக்கொள்வார். அந்தத் திறமைக்குத்தான் "நல்ல பையன்" என்று பெயர். அவர் லீவு போட்ட அன்று குடோன் திணறும்.

இதைவிடக் குறுகிய பாதைகள் உண்டு. செவ்வகக் கிடங்கில் மிகக் குறைந்த நடைப் பாதையைக் கண்டுபிடிக்கும் வழியை ராட்லிஃப், ரோசன்தால் இருவரும் 1983-லேயே வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பாதை ஒரு சந்தில் பாதி போய்த் திரும்பச் சொல்லும், அடுத்ததை முழுதாகக் கடக்கச் சொல்லும். எடுப்பவருக்கு ஏன் என்று புரியாது. புரியாத பாதையை ஆட்கள் மதிக்க மாட்டார்கள். ஒரு சந்தில் ஓர் ஐட்டம்தான், அதுவும் வாசலருகே இருக்கிறது என்றால் உள்ளே போய்த் திரும்பி வருவது யாருக்கும் தானாகவே தெரியும். பாம்பு நடையும் இந்த ஒரு விதிவிலக்கும் சேர்ந்தால் பெரும்பாலான குடோன்களுக்குப் போதுமானது.

நான்கு ஆர்டரை ஒன்றாக எடுத்தால்

அதே குடோனில் ஒரு டிராலியில் நான்கு க்ரேட் வைத்து நான்கு ஆர்டரை ஒரே நடையில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 60 ஐட்டம், பத்துச் சந்தையும் தொட வேண்டும், நடை 354 மீட்டர். ஆனால் இப்படி 60 நடைகள்தான். மொத்தம் 21 கிலோமீட்டர். 70 எங்கே, 21 எங்கே! ரேக் எதையும் நகர்த்தவில்லை, கருவி எதுவும் வாங்கவில்லை.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. எடுத்த மருந்து தவறான க்ரேட்டில் விழும் வாய்ப்பு புதிதாக முளைக்கிறது. க்ரேட்டுகளுக்கு 1, 2, 3, 4 என்று பெரிய எண்ணும் தனி நிறமும் கொடுத்து, பட்டியலில் ஒவ்வொரு ஐட்டத்துக்கு எதிரே "3-ல் 2 ஸ்ட்ரிப், 4-ல் 5 ஸ்ட்ரிப்" என்று அச்சிட வேண்டும். கட்டம் எண்ணை முதலில் போட்டு, மருந்துப் பெயரை அடுத்து, அளவைக் கடைசியில் போட்டால் கண் போகும் வரிசையும் கை போகும் வரிசையும் ஒன்றாகும். டிராலியில் எட்டு க்ரேட் ஏற்றினால் இன்னும் மிச்சம் என்று தோன்றும்; ஆனால் நான்கிலிருந்து எட்டுக்குப் போகும்போது கிடைக்கும் மிச்சம் ஒன்றிலிருந்து நான்குக்குப் போனதில் கிடைத்ததைவிடச் சிறியது. பிழையும் டிராலியின் அகலமும் மட்டும் இரட்டிப்பாகும்.

எந்த ஆர்டர்களைச் சேர்ப்பது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். ஒரே மாதிரி மருந்துகள் உள்ள ஆர்டர்களைத் தேடிச் சேர்ப்பது அழகான யோசனைதான். ஆனால் அதில் காலை பதினொரு மணி ஆர்டர் மாலை நான்கு மணி ஆர்டருக்காகக் காத்திருக்கும். ஒரே வேனில் போகும் ஆர்டர்களை மட்டும் சேர்ப்பதுதான் பாதுகாப்பான விதி. வேனில் ஏற்றும்போது மறுபடி பிரிக்க வேண்டிய வேலையும் அதனால் மிச்சமாகிறது.

ஓடும் சரக்கும் ஓடாத சரக்கும்

எது ஓடும் சரக்கு என்று கேட்டால் விற்பனைத் தொகையைக் காட்டுவார்கள். எடுக்கும் வேலைக்குத் தொகையும் பொருட்டல்ல, எண்ணிக்கையும் பொருட்டல்ல. எத்தனை தடவை கை அந்தக் கட்டத்துக்குப் போகிறது என்பதுதான் கணக்கு. ஒரு மருத்துவமனை மாதம் ஒரு முறை 2,000 ஸ்ட்ரிப் வாங்கும் மருந்து ஒரு தடவைதான் எடுக்கப்படுகிறது. அது பின்னால் கேஸ் கேஸாக இருக்கட்டும். நாளுக்கு அறுபது கடை தலா இரண்டு ஸ்ட்ரிப் வாங்கும் பாராசிட்டமால் முன்னால் வர வேண்டும். இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1963-லேயே ஹெஸ்கெட் என்பவர் ஒரு குறியீடு கொடுத்தார்: மருந்து பிடிக்கும் இடத்தை அது எடுக்கப்படும் தடவைகளால் வகுத்து, சிறிய எண் வருவதை வாசலருகே வைப்பது. நான்கு லிட்டர் சலைன் பெட்டி நாளுக்கு இருபது தடவை எடுக்கப்பட்டாலும், அது அடைக்கும் இடத்தில் முப்பது மாத்திரை வகைகள் நிற்கும் என்றால் முன்வரிசை மாத்திரைக்கே.

நல்ல உயரம் என்பது இடுப்பிலிருந்து தோள் வரை, ஏறக்குறைய 75 சென்டிமீட்டரிலிருந்து 140 வரை. குனிந்தோ ஸ்டூல் போட்டோ எடுக்கும் மருந்துக்கு ஒவ்வொரு தடவையும் சில நொடி கூடும். ஆகவே அடிக்கடி எடுக்கப்படும் மருந்துகள் முன்சந்தின் நடுத்தட்டில். சிரப் பாட்டில்கள் கனம் என்பதால் கீழ்த்தட்டில்; நடையின் தொடக்கத்திலேயே அவை வரும்படி இருந்தால் க்ரேட்டின் அடியில் போய்விடும், மேலே ஸ்ட்ரிப் நசுங்காது.

இதில் பலர் எதிர்பாராத ஒரு விஷயம் இருக்கிறது. நான்கு ஆர்டரை ஒன்றாக எடுக்க ஆரம்பித்த பிறகு ஓடும் சரக்கை முன்னால் கொண்டுவந்தால் நடை மேலும் பாதியாகும் என்று நினைப்பார்கள். ஆகாது. 70 சதவீத ஐட்டங்கள் முன் மூன்று சந்தில் வந்துவிட்டாலும், 60 ஐட்டப் பட்டியலில் மிச்சமுள்ள 18 ஐட்டம் பின் ஏழு சந்திலும் சிதறியிருக்கும். எடுப்பவர் எப்படியும் ஏறத்தாழ எல்லாச் சந்தையும் மிதிக்க வேண்டும். பலன் வர வேண்டுமானால் ஆட்களையும் பிரிக்க வேண்டும். முன் மூன்று சந்தில் ஏழு பேர், ஆளுக்கு மூன்று ஆர்டர்; பின் ஏழு சந்தில் மூன்று பேர், அந்த இருபது சொச்சம் ஆர்டருக்கும் வேண்டிய ஓடாத சரக்கை மொத்தமாக ஒரே சுற்றில் எடுத்துவந்து, ஆர்டருக்கு ஒரு பொந்து வீதம் உள்ள தடுப்பு ரேக்கில் பிரித்துப் போடுவது. முன்னே எடுத்த க்ரேட் அந்தப் பொந்தோடு சேர்ந்து பேக்கிங்குக்குப் போகும். இப்படிச் செய்தால் நாளின் நடை 13 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கும். பிரித்துப் போடும் வேலை கூடுகிறது. அதற்கும் ஐட்டத்துக்கு ஐந்தாறு நொடி வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும்.

மூன்று சந்தில் ஏழு பேர் என்றால் முட்டல் மோதலும் வரும். சந்தின் அகலம் ஒன்றரை மீட்டருக்குக் குறைவாக இருந்தால் இரண்டு டிராலி ஒதுங்க முடியாது. ஒருவழிப் பாதை ஆக்கி, எல்லோரும் ஏ-01-இல் தொடங்காமல் ஆளுக்கொரு சந்தில் தொடங்க வைக்க வேண்டும். மிக அதிகமாக ஓடும் பத்து, இருபது மருந்துகளை ஒரே ரேக்கில் குவிக்காமல் மூன்று சந்துக்கும் பிரிப்பதும் இதற்காகத்தான்.

பேட்ச் என்னும் தனிச் சிக்கல்

மளிகைக் கிடங்குக்கும் மருந்துக் கிடங்குக்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. இன்வாய்ஸில் பேட்ச் எண்ணும் எக்ஸ்பயரியும் அச்சாகிறது. முதலில் காலாவதியாகும் பேட்ச் முதலில் போக வேண்டும். பில் மென்பொருள் அந்தப் பேட்சைத் தேர்ந்தெடுத்துவிடும். ஆனால் ரேக்கில் இரண்டு பேட்ச் கலந்து கிடந்தால் கைக்கு வந்தது போகும். அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஒன்றரை வருடம் கழித்துக் கடைக்காரர் காலாவதிச் சரக்கைத் திருப்பும்போது "இந்த பேட்ச் நாங்கள் உங்களுக்குக் கொடுக்கவே இல்லை" என்ற சண்டை வரும். நடுவில் ஒரு பேட்சை நிறுவனம் திரும்பப் பெறச் சொன்னால், அது எந்தக் கடைக்குப் போனது என்ற பதிவே பொய்யாகிவிடும்.

இதற்கு உள்ள எளிய கட்டுப்பாடு: எடுக்கும் கட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரே பேட்ச். அடுத்த பேட்ச் மேல்தட்டிலோ பின் இருப்பிலோ இருக்கட்டும்; முதலாவது தீர்ந்த பிறகுதான் இறங்க வேண்டும். அப்போது எடுப்பவர் ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. தேடல் நேரத்தில் மருந்துக் குடோன் மிச்சம் பிடிக்கக்கூடிய பெரிய இடம் இதுதான். ஸ்கேனர் உள்ளவர்களுக்கு இன்னொரு உதவியும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் முன்னணி 300 மருந்து பிராண்டுகளின் லேபிளில் பார்கோடோ கியூஆர் கோடோ கட்டாயம்; அதில் பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி எல்லாம் அடங்கும். அதிகம் ஓடும் சரக்கில் கணிசமான பகுதி இந்தப் பட்டியலில் வரும் என்பதால், கையால் பேட்ச் டைப் செய்யும் வேலையை அங்கே விட்டுவிடலாம்.

முடிந்தால் எடுத்து ஸ்கேன் செய்த பிறகு இன்வாய்ஸ் போடுவதே சரியான வரிசை. பில் முதலில், சரக்குப் பின்னால் என்ற பழக்கம் இருக்கும்வரை இல்லாத சரக்குக்கும் பில் விழும். பிறகு கிரெடிட் நோட்டுக்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும்.

குளிர்பெட்டிச் சரக்கு இந்தச் சுற்று எதிலும் சேராது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய இன்சுலின், தடுப்பூசி போன்றவற்றை வேன் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக் கடைசியாக எடுக்க வேண்டும். உறைந்த ஐஸ் பேக் இன்சுலினை நேரடியாகத் தொட்டால் மருந்து உறைந்து கெடும். நடுவே அட்டைத் தடுப்பு வேண்டும். சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துவதால் பூட்டில் வைக்க வேண்டிய ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளுக்கு, சாவி வைத்திருப்பவரை நாள் முழுக்கக் கூப்பிடாமல் வேனுக்கு ஒரு முறை என்று நேரம் குறித்துவிடலாம்.

காலிக் கட்டம்

கணினியில் 400 ஸ்ட்ரிப் இருக்கிறது, கட்டத்தில் ஒன்றுமில்லை. எடுப்பவர் டிராலியை நிறுத்திவிட்டு மேல்மாடிக்குப் போய் கேஸ் உடைத்து எடுத்து வருவார். ஐந்து நிமிடம். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் அதே மருந்துக்கு நிற்பார்கள். எடுப்பவரே நிரப்புபவராகவும் இருக்கும் குடோனில் நேரக்கணக்கு எதுவும் நிலைக்காது.

கட்டத்துக்கு ஒரு குறைந்த அளவுக் கோடு வேண்டும். நாளுக்கு 120 ஸ்ட்ரிப் போகும் மருந்து, எட்டு மணி நேரத்தில் மணிக்கு 15. நிரப்புபவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறார் என்றால் 30 ஸ்ட்ரிப். கூட்ட நேரத்துக்காக இன்னொரு 15. ஆக 45, பெட்டிக்கு பத்து ஸ்ட்ரிப் என்றால் ஐந்து பெட்டி. ஐந்தாவது பெட்டிக்கு முன்னால் ஒரு சிவப்பு அட்டை. அது கண்ணில் படும்போது அட்டையை எடுத்துச் சந்து முனையில் உள்ள டப்பாவில் போடுவது மட்டுமே எடுப்பவரின் வேலை. நிரப்புபவர் டப்பாவைப் பார்த்துச் சரக்கு இறக்குவார். டொயோட்டா தொழிற்சாலைகளின் கான்பான் அட்டையின் வேலையும் இதேதான். நிரப்பும் சுற்று கூட்ட நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு நிரப்பும் டிராலியும் எடுக்கும் டிராலியும் ஒரே சந்தில் சந்தித்தால் இரண்டு வேலையும் நிற்கும்.

பன்னிரண்டு நிமிடச் சுற்று

1990-களில் அமெரிக்காவிலிருந்த டொயோட்டா உதிரிபாகக் கிடங்குகளில் ஒரு மாற்றம் செய்தார்கள். பெரிய பெட்டிகளைச் சிறிதாக்கி, பாகங்களை அளவுப்படியும் ஓட்டத்தின்படியும் இடம் மாற்றினார்கள். பிறகு வேலை நாளைப் பன்னிரண்டு நிமிடச் சுற்றுகளாக வெட்டினார்கள். சிறிய பாகம் என்றால் ஒரு சுற்றில் இத்தனை, பெரிய பாகம் என்றால் இத்தனை என்று அளவு வைத்து, ஒரு பலகையில் காந்த வில்லைகளால் யார் எந்தச் சுற்றில் இருக்கிறார் என்று காட்டினார்கள். இதன் நோக்கம் ஆளை விரட்டுவது என்று எடுத்துக்கொண்டால் பொருளே மாறிவிடும். காலைப் பத்தரை மணிக்குப் பட்ட தாமதம் மாலை ஐந்து மணிக்குத் தெரிந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த சுற்றுக்குள் தெரிந்தால், ஏன் என்று கேட்கலாம், ஓர் ஆளை மாற்றி விடலாம்.

நம் மாதிரிக் குடோனில் நடை குறைந்த பிறகு ஓர் ஐட்டத்துக்கு ஏறக்குறைய 44 நொடி ஆகிறது. ஆளுக்கு 30 ஐட்டம் என்றால் 22 நிமிடம். க்ரேட்டை ஒப்படைத்து அடுத்ததை எடுக்க இரண்டு நிமிடம். 24 நிமிடச் சுற்று. பத்துப் பேருக்கு 300 ஐட்டம், அதாவது 20 ஆர்டர். 240 ஆர்டருக்குப் பன்னிரண்டு சுற்று; 4 மணி 48 நிமிடம். முன்பு ஆறு மணி நேரம் ஆனது. மிஞ்சும் நேரத்தை நிரப்புவதற்கும் இருப்பு எண்ணுவதற்கும் கொடுக்கலாம். ஆளைக் குறைக்கத்தான் இந்த வேலை என்று எடுப்பவர்களுக்குத் தோன்றிவிட்டால் அடுத்த முறை யாரும் உண்மையான நேரத்தைக் காட்ட மாட்டார்கள்.

ஆர்டர்களை உள்ளே விடும் முறையும் மாறுகிறது. வந்த ஆர்டரை வந்தபடியே அச்சடித்துத் தட்டில் குவிப்பதில்லை. வேன் ஐந்து மணிக்கு என்றால், ஏற்ற இருபது நிமிடம், சரிபார்த்துக் கட்ட ஒரு சுற்று, எடுக்க ஒரு சுற்று என்று பின்னோக்கி எண்ணி, 3.50-க்குள் உள்ளே விட்டாக வேண்டும் என்று அந்த வேனுக்கு எழுதி வைப்பது. தட்டில் முப்பது பட்டியல் கிடந்தால் எளிதான பட்டியலைத்தான் கை முதலில் எடுக்கும். பூந்தமல்லி வேன் கிளம்ப நிற்கும்போது, நாளைக் காலை போக வேண்டிய ஆர்டர் பேக் ஆகிக்கொண்டிருக்கும். ஒரு சுற்றுக்குரியது மட்டும் வெளியே இருந்தால் பொறுக்கி எடுக்க ஒன்றும் இருக்காது.

சராசரி ஏமாற்றும் இடம்

ஏழு மணி நேரத்தில் ஆறு மணி நேர வேலைதான் என்று முதலில் பார்த்தோம். அப்படியும் ஏன் வேன் தாமதமாகிறது? ஆர்டர்கள் சமமாக வருவதில்லை. கட்-ஆஃப், அதாவது அன்றைய ஆர்டர் வாங்கும் கடைசி நேரத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் 45 சதவீத ஆர்டர்கள் விழுந்தால் அது 1,620 ஐட்டம். பழைய முறையில் இரண்டு மணி நேரத்தில் முடிவது 1,200. மீதி 420 ஐட்டத்துக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் தாமதம். புதிய முறையில் ஐந்து சுற்றுக்கு 1,500. அப்போதும் 120 ஐட்டம் மிஞ்சுகிறது. எடுக்கும் வேகத்தை மட்டும் கூட்டி இதைத் தீர்க்க முடியாது.

எல்லா ரூட்டுக்கும் ஒரே கட்-ஆஃப் என்பதுதான் இங்கே தவறு. தூரத்து ரூட்டுக்கு 1 மணி, நடுத்தூரத்துக்கு 2.30, உள்ளூருக்கு 4 என்று பிரித்தால் மலை மேடாகும். வாரம் தவறாமல் அதே முப்பது மருந்தை வாங்கும் கடைகளிடம் அந்தப் பகுதியைக் காலையிலேயே வாங்கிவிட்டு, அவசரத்துக்கு மட்டும் மாலையில் சேர்க்கச் சொல்லலாம். விற்பனைப் பிரதிநிதிகள் இதை எதிர்ப்பார்கள். நாலு மணிக்கு ஆர்டர் கொடுத்தாலும் இன்றைக்கே சரக்கு என்பது அவர்கள் கடைக்குக் கொடுத்த வாக்கு. அந்த வாக்கின் விலையைத் தினமும் தாமதமாகும் வேனில் மற்றக் கடைகள் கட்டுகின்றன என்பதை எண்ணாகக் காட்டினால்தான் பேச்சு நகரும்.

எடுத்தாயிற்று, அடுத்தது சரிபார்ப்பு. சுற்றுக்கு 300 ஐட்டம் வருகிறது. செக்கர் ஓர் ஐட்டத்துக்கு 12 நொடி எடுத்தால் 3,600 நொடி. சுற்றின் நீளம் 1,440 நொடி. இரண்டரை ஆள் வேண்டும், அதாவது மூன்று பேர். இரண்டே செக்கர் இருக்கும் குடோனில் எடுக்கும் வேகத்தைக் கூட்டினால் செக்கிங் மேசைக்கு முன்னால் க்ரேட் மலைதான் உயரும். தரையில் பெயின்ட்டால் இருபது க்ரேட்டுக்கான கட்டம் போட்டு, அது நிரம்பினால் எடுப்பவர் ஒருவர் செக்கிங்குக்கு வர வேண்டும் என்று விதி வைப்பது மலிவான தீர்வு.

பிழை எங்கிருந்து வருகிறது

3,600 ஐட்டத்தில் 99.5 சதவீதம் சரி என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. நாளுக்கு 18 பிழை. ஒவ்வொன்றும் ஒரு கடை என்றால், நூற்றில் ஏழெட்டுக் கடைக்குத் தினமும் தவறான சரக்கு. மருந்தில் தவறான வீரியம் போனால் அது கணக்குப் பிழையோடு நிற்பதில்லை.

அதிகம் வரும் பிழைகள் சிலவே. வீரியம் மாறுவது ஒன்று. ஒரே பிராண்டின் இரு வீரியங்களைக் குறைந்தது ஒரு ரேக் தள்ளி வைத்தால் பெரும்பகுதி அடங்கும். அளவின் அலகு இன்னொன்று: பட்டியலில் வெறும் "10" என்றிருந்தால் ஒருவர் பத்து ஸ்ட்ரிப் எடுப்பார், ஒருவர் பத்துப் பெட்டி எடுப்பார். சலுகைச் சரக்கு மூன்றாவது. பத்துக்கு ஒன்று இலவசம் என்ற திட்டத்தில் இன்வாய்ஸ் 10 என ஒரு கட்டத்திலும் 1 என வேறு கட்டத்திலும் காட்டும். எடுக்கும் பட்டியல் அந்த இன்வாய்ஸின் நகலாக இருந்தால் இலவசம் விட்டுப்போகும், அல்லது இரண்டு தரம் போகும். எடுக்கும் பட்டியலில் "11 ஸ்ட்ரிப்" என்று ஒரே எண்தான் இருக்க வேண்டும். சலுகைக் கணக்கு பில்லுக்கு உரியது.

எத்தனை ஐட்டம் எடுத்தாரோ அத்தனைக்கு ஊக்கத்தொகை என்று அறிவிப்பது இந்தப் பிழைகளை வளர்க்கும் வழி. செக்கர் பிடித்த பிழையை ஆள் பெயரில் எழுதாமல் கட்டத்தின் முகவரியில் எழுதிவந்தால், இரண்டு வாரத்தில் ஒரே ஐந்தாறு முகவரிகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அங்கே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒட்டிய லேபிள் கிழிந்திருக்கும், அல்லது இரண்டு மருந்து ஒரே கட்டத்தில் நெருங்கிக் கிடக்கும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால் வரிசை மாறக் கூடாது. முகவரி ஒட்டுவதும் பட்டியலை வரிசைப்படுத்துவதும் முதல் இரண்டு வாரம். பிறகு ஒரு வேனின் ஆர்டர்களை மட்டும் நான்கு நான்காக எடுத்துப் பார்ப்பது. அது பிடிபட்ட பிறகே ரேக் மாற்றம். அதையும் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கலைத்து அடுக்காமல், வாரம் இருபது மருந்து வீதம். இடமாற்றம் ஒருநாளும் முடிவதில்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது காய்ச்சல், சளி மருந்துகளும் ஓஆர்எஸ் பொட்டலங்களும் முன்னால் வந்தாக வேண்டும். செப்டம்பர் கடைசி வாரத்திலேயே முந்தைய ஆண்டின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான எடுத்த தடவைகளை எடுத்துப் பார்த்து அந்த இருபதை முடிவு செய்ய வேண்டும். கையடக்க ஸ்கேனர் இவற்றுக்கெல்லாம் பிறகு. முகவரி இல்லாத குடோனில் ஸ்கேனர் வாங்கினால், மருந்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு அதை ஸ்கேன் செய்யும் வேலையும் கூடுதலாகச் சேரும்.